புளி போட்டுத் தேய்க்கும் முன் இதைப் படியுங்கள்: பழைய நாணயத்தின் தரத்தை நாமே பார்ப்பது எப்படி

பழைய காசு ஒன்று கையில் கிடைத்தால் நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் முதலில் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அடுக்களைக்குப் போய் கோலிக்குண்டு அளவு புளியைக் கிள்ளி எடுத்து, கொஞ்சம் சாம்பலோ உப்போ சேர்த்து, பளபளவென்று ஆகும்வரை தேய்ப்போம். புளி நம்ம மண்ணில் விளைவது, எந்த வீட்டிலும் இருக்கும், குத்துவிளக்கு விளக்கிப் பழகிய கை வேறு. எங்கள் ஆயா இறந்த பிறகு கேழ்வரகு கொட்டி வைத்திருந்த குதிருக்குப் பின்னால் ஒரு சுருக்குப்பை கிடைத்தது, உள்ளே ஒன்பது வெள்ளி ரூபாய். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒன்பதையும் ஒரே மதியத்தில் தேய்த்து வெள்ளை வெளேர் என்று ஆக்கி அம்மாவிடம் காட்டினேன், அம்மாவும் சந்தோஷப்பட்டார். சில வருடம் கழித்து பெங்களூரில் ஒரு நாணயக் கண்காட்சிக்கு அவற்றை எடுத்துப் போனபோது, கடை போட்டிருந்த பெரியவர் ஒருவர் ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் தனியாக நகர்த்தி வைத்தார். "இது அச்சடிச்ச மினுமினுப்போட இருந்திருக்கும் தம்பி, இப்ப இது வெறும் வெள்ளி" என்றார்.

அது 1862 விக்டோரியா ரூபாய். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆயா எத்தனையோ வருடம் பத்திரமாக வைத்திருந்ததை நான் பத்து நிமிடத்தில் அழித்துவிட்டேன் என்ற வருத்தம் இன்றும் போகவில்லை. உங்கள் வீட்டுச் சுருக்குப்பைக்கும் அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, தரம் என்றால் என்ன? காசு எவ்வளவு பழையது, எவ்வளவு அரிது என்பதெல்லாம் வேறு கணக்கு. தரம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: நாணயம் அடிக்கும் அக்கசாலையில் அச்சிலிருந்து வெளியே வந்த அன்று இந்த நாணயத்தின் மேல்பரப்பு எப்படி இருந்ததோ, அதில் இன்று எவ்வளவு மிச்சம்? தேய்த்தால் ஏன் தரம் கூடாது என்பதும் இதிலேயே இருக்கிறது. அழுக்கு மட்டும் போவதில்லை, அழுக்குக்குக் கீழே இருந்த மேல்தோலும் சேர்ந்துதான் போகிறது.

முதலில் கையில் என்ன வேண்டும்

பெரிய செலவு இல்லை. 5 மடங்கு முதல் 10 மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ் போதும், நகைக்கடைக்காரர்களும் கடிகாரம் பழுது பார்ப்பவர்களும் வைத்திருப்பது மாதிரி. அதற்கு மேல் போனால் எந்தக் காசும் குண்டும் குழியுமாகத்தான் தெரியும், புதிதாகத் தொடங்குகிறவர்கள் நல்ல காசைக்கூட மோசம் என்று ஒதுக்கிவிடுவார்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று. குறுக்களவு பார்க்க வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது. மேசை விளக்கு ஒன்று, அடியில் விரிக்க மெத்தென்ற துணி ஒன்று. துணி எதற்கு என்றால், காசு ஒருநாள் கை தவறி விழத்தான் போகிறது, சிமென்ட் தரையில் விழுந்தால் விளிம்பு நசுங்கிவிடும்.

பிடிப்பது எப்போதும் பக்கவாட்டு ஓரத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். முகத்தில் விரல் படவே கூடாது. விரலில் உள்ள எண்ணெயும் வியர்வையும் செம்பில் ரேகையைப் பதித்துவிடும், அதைத் திரும்ப எடுக்க முடியாது.

டியூப்லைட் வெளிச்சம் இதற்கு உதவாது, எல்லாப் பக்கமும் சமமாக விழுவதால் கீறலும் தெரியாது, மினுமினுப்பும் தெரியாது. அறையை இருட்டாக்கி ஒரே ஒரு பல்பின் கீழ் காசைப் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சு மினுமினுப்பு உள்ள நாணயத்தில் வெளிச்சம் மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடி, காசோடு சேர்ந்து சுற்றும். கார்ட்வீல் என்றே இதைச் சொல்வார்கள். அச்சு ஓங்கி இறங்கும்போது உலோகம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பிதுங்கி ஓடுகிறது, அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளாக மேல்பரப்பில் நின்றுவிடுகிறது, அந்த வரிகளில் பட்டுத்தான் ஒளி அப்படிச் சுழல்கிறது. புளி, சாம்பல், செங்கல் பொடி, பித்தளை விளக்கும் பவுடர், பல்பொடி என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் முதலில் சாவது இந்த வரிகள்தான். தேய்த்த காசும் பளபளக்கும், ஆனால் அது எவர்சில்வர் தட்டு பளபளப்பது போல ஒரே மொத்தையாக இருக்கும், சுழற்றினால் ஒளி நகராது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கண் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது, மீதியெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

விக்டோரியா ரூபாயை வைத்துப் பழகுவோம்

நம்ம வீடுகளில் அதிகம் கிடைப்பது இதுவும் ஜார்ஜ் ரூபாயும்தான், அதனால் இதையே எடுத்துக்கொள்வோம். 1862-லிருந்து வந்தவற்றில் ராணி என்றும், 1877-லிருந்து பேரரசி என்றும் ஆங்கிலத்தில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1862 என்ற ஆண்டு போட்டே அதற்குப் பிறகும் பல வருடம் அச்சடித்தார்கள், அதனால் அந்த ஆண்டுக் காசு நிறையவே கிடைக்கும். அதைப் பார்த்ததும் அபூர்வம் என்று துள்ள வேண்டாம், அதன் மதிப்பைத் தீர்மானிப்பது முழுக்க முழுக்கத் தரம்தான்.

லென்ஸை எடுக்கும் முன் கை நீட்டிய தூரத்தில் வைத்து வெறும் கண்ணால் பத்து விநாடி பாருங்கள். மொத்தத்தில் எப்படி இருக்கிறது, நிறம் ஒரே சீராக இருக்கிறதா, கண்ணை உறுத்தும் கீறலோ பள்ளமோ உண்டா? அப்புறம் லென்ஸ். எங்கே பார்க்க வேண்டும் என்றால், மேடாக இருக்கும் இடங்களைப் பாருங்கள், ஏனென்றால் மடியிலும் பெட்டியிலும் உரசும்போது முதலில் அடிபடுவது மேடுதான். விக்டோரியாவின் தலைப்பக்கத்தில் அந்த மேடுகள் இவை: காதுக்கு மேலே வாரிவிட்ட முடி, கன்னம், கிரீடத்தில் உள்ள மணிகள், மார்புச் சட்டையின் பூவேலை. பூப்பக்கத்தில் (இந்தக் காசில் அது உண்மையாகவே பூப்பக்கம், சுற்றிலும் பூக்கொடி) இதழ்களின் நடுக்கோடுகள்.

முடி ஒரே வழுக்கையாக, கிரீடம் ஒரு கட்டியாக, சட்டை வெறும் மேடாக இருந்து, எழுத்தும் ஆண்டும் மட்டும் படிக்க முடிந்தால் அது 'குட்' அல்லது 'வெரி குட்'. பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள், நாணய உலகில் 'குட்' என்றால் நன்றாகத் தேய்ந்தது என்று அர்த்தம். இந்தப் பெயர்கள் புதிதாக வருகிறவர்களை ரொம்பக் குழப்புகின்றன. முடியில் பெரிய கொத்துகள் பிரிந்து தெரிந்து, கிரீடத்தின் பட்டை தனியாக நின்று, சட்டையின் பூவேலை பாதியாவது இருந்தால் 'ஃபைன்'. இழை இழையாக முடி முக்கால்வாசி தெரிந்து, மேட்டின் உச்சிகள் மட்டும் மழுங்கியிருந்தால் 'வெரி ஃபைன்', கடைக்காரர்கள் சுருக்கமாக வி.எஃப் என்பார்கள். சுருக்குப்பையில் கிடைக்கும் நல்ல காசுகள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கும். எல்லா இழையும் தெளிவாக இருந்து, காதுக்கு மேலும் கன்னத்திலும் மட்டும் லேசான தேய்மானம், எழுத்துகளின் சந்துகளில் கொஞ்சம் அச்சு மினுமினுப்பு ஒளிந்திருந்தால் 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்', சுருக்கமாக எக்ஸ்.எஃப். மினுமினுப்பு பரப்பு முழுக்க இருந்து, உச்சியில் மட்டும் ஒரு சிறு உரசல் என்றால் ஏ.யு (அபவுட் அன்சர்க்குலேட்டட்). உரசலே இல்லை என்றால் யு.என்.சி, அதாவது புழக்கத்துக்கே போகாதது.

யு.என்.சி என்றால் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அக்கசாலையிலிருந்து மூட்டையாகப் போகும்போது காசும் காசும் மோதி விழுந்த சின்னத் தழும்புகள் இருக்கலாம். மோதிய தழும்பு வேறு, தேய்மானம் வேறு. தழும்பு ஒரு இடத்தில் கூராக விழுந்த குழி, தேய்மானம் மேட்டின் தலையை மழித்துவிடுவது.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்.எஃப் 45, எம்.எஸ் 63 என்றெல்லாம் பார்த்திருப்பீர்கள் (எம்.எஸ் என்றால் மின்ட் ஸ்டேட், அதாவது புழங்காதது). 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் அவர்கள் நாட்டுப் பெரிய செம்புக் காசுகளுக்காகப் போட்ட 1 முதல் 70 வரையிலான அளவுகோல் இது. அடிமட்டக் காசின் விலை 1 என்றால், சிறந்ததன் விலை அதைப்போல் 70 மடங்கு என்ற அந்தக் காலக் கணக்கு. இப்போது உலகம் முழுக்க இதுதான். ஃபைன் 12-லிருந்து 15, வி.எஃப் 20-லிருந்து 35, எக்ஸ்.எஃப் 40-லிருந்து 45, ஏ.யு 50-லிருந்து 58, அதற்கு மேல் 60 முதல் 70 வரை புழங்காதவை. வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நமக்கு எண் தேவையே இல்லை என்பது என் கருத்து. வி.எஃப்-ஆ எக்ஸ்.எஃப்-ஆ என்று தடுமாறாமல் சொல்ல முடிந்தால் அதுவே பெரிய விஷயம். இரண்டு பக்கமும் வேறு வேறு தரத்தில் இருந்தால் குறைந்ததைச் சொல்லுங்கள், விற்கும்போதும் அதையே சொல்லுங்கள்.

தேய்மானமா, அச்சே சரியாக விழவில்லையா?

அனுபவம் உள்ளவர்களே சறுக்கும் இடம் இது. அச்சு முழு அழுத்தத்தில் இறங்காவிட்டாலோ, அச்சே பழசாகிப் போயிருந்தாலோ, புத்தம் புதிய நாணயத்திலும் முடி மொட்டையாக இருக்கும். முடி தெரியவில்லையே என்று அதை வி.எஃப் என்று தள்ளினால் நஷ்டம். எப்படிப் பிரிப்பது? அந்த மொட்டை இடத்தின் நிறத்தைப் பாருங்கள். தேய்ந்த இடம் சுற்றியுள்ள பரப்பைவிட மங்கலாக, வழவழவென்று, வேறு சாயலில் இருக்கும், பல்பின் கீழ் சுழற்றினால் ஒளி அந்த இடத்தில் அறுந்துவிடும். அச்சு விழாத இடத்தில் ஒளி அறுபடாமல் மேட்டின் மேலேயும் ஓடும், சில சமயம் அச்சடிக்கும் முன் இருந்த வெறும் தகட்டின் சொரசொரப்பும் அங்கேயே அப்படியே இருக்கும்.

எட்வர்ட் ரூபாய்க்கும் ஜார்ஜ் ரூபாய்க்கும் வழி இதேதான், பார்க்கும் இடம் மட்டும் மாறும். எட்வர்ட் (1903 முதல் 1910 வரை) கிரீடம் இல்லாத தலை, காதும் அதன் மேலுள்ள முடியும் புருவமும் முதலில் போய்விடும், அதனால் நல்ல எட்வர்ட் கிடைப்பது கஷ்டம். ஐந்தாம் ஜார்ஜுக்குக் கிரீடத்தின் மணிகள், புருவம், மேலங்கியில் சங்கிலியோடு இருக்கும் குட்டி யானை. அந்த யானைக்கு ஒரு கதை உண்டு: 1911-இல் வந்த ரூபாயில் தும்பிக்கை சரியாக அமையாமல் யானை பன்றி மாதிரி தெரிந்ததால் பெரிய எதிர்ப்பு கிளம்பி, அந்தக் காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள், 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். அதனால்தான் 1911-ஐப் 'பன்றி ரூபாய்' என்று தேடுகிறார்கள். மாறாக 1917, 1918 ரூபாய்கள் போர்க்காலத்தில் கோடிக்கணக்கில் அச்சானவை, தேய்ந்திருந்தால் அவற்றுக்கு அதில் உள்ள 10.7 கிராம் வெள்ளியின் விலைதான், அதற்கு மேல் யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம்.

செம்பு, நம்ம மண்ணின் யானைக்காசு

காலணா, தம்பிடி, ஓட்டைக் காலணா எல்லாவற்றிலும் தேய்மானத்தோடு நிறத்தையும் சேர்த்துத்தான் தரம் சொல்ல வேண்டும். அச்சடித்த அன்று செம்பு இளஞ்சிவப்பாக இருக்கும், காலப்போக்கில் பழுப்பாகும். மொத்தமும் சிவப்பாக மிஞ்சியதை ரெட் என்றும், பாதி மாறியதை ரெட்-பிரவுன் என்றும், முழுக்க மாறியதைப் பிரவுன் என்றும் பிரிப்பார்கள். ஒரே சீரான சாக்லேட் பழுப்பு நிறம் அழகு, அதுதான் அந்தக் காசின் பாதுகாப்பும். அதைச் சுரண்டி ஆரஞ்சு நிறத்துக்குக் கொண்டுவந்தால் எந்தச் சேகரிப்பாளரும் ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவார்.

கரும்பச்சையாகக் கெட்டியாக ஒட்டியிருக்கும் களிம்பு ஆபத்தில்லை, அப்படியே விடலாம். வெளிர்ப்பச்சையில் பொடிப்பொடியாக, தொட்டால் உதிர்வதாக இருந்தால் அது நோய், உப்பில் உள்ள குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தையே தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காசைத் தனியே பிரித்து, நன்றாக உலர்ந்த டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்த்த செம்புக் காசுகளுக்கு இந்த நோய் சுலபமாக வரும், அதற்குக் காரணம் அந்த உப்புதான்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து 20 காசு ஒன்று, 1808 என்று ஆண்டு போட்டது, நம்ம ஊர்களில் அவ்வப்போது தலைகாட்டும். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்காமில் போல்டனின் சோஹோ அக்கசாலையில் நீராவி எந்திரத்தில் அடித்தது, அச்சு அவ்வளவு கூர்மை. இந்தக் காசுகளை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809-இல் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மூழ்கிவிட்டது, பல தலைமுறை கழித்து அதிலிருந்து காசுகளை எடுத்தார்கள். ஆகவே விவரமெல்லாம் கூர்மையாக இருந்தும் மேல்பரப்பு மட்டும் பொரிப்பொரியாக, மணல் கொட்டினது போல இருந்தால் அது கடலில் கிடந்த காசாக இருக்கலாம். விவரம் எக்ஸ்.எஃப் இருந்தாலும் பரப்பு அரித்திருக்கிறது என்று சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இனி திப்பு. 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாராமகால் என்று அழைத்த நம்ம வட்டாரம் கம்பெனி கைக்குப் போகும்வரை இது மைசூர் ஆட்சியில் இருந்த நாடு. கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் தர்மபுரிப் பக்கம் நிலவரி அளக்க வந்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான். அதனால் ஒருபக்கம் யானை, மறுபக்கம் பாரசீக எழுத்து உள்ள கனமான செம்புக்காசு இங்கே பல வீடுகளில் இருக்கிறது. இதை விக்டோரியா ரூபாய் மாதிரி பார்க்கக் கூடாது. இது கையால் அடித்தது, தகடும் ஒரே வட்டமாக இருக்காது, அச்சு ஒருபக்கம் சாய்ந்து விழுந்திருக்கும், ஆண்டு தகட்டுக்கு வெளியேயே போயிருக்கும். அதனால் தேய்மானத்துக்கு முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: யானை முழுசாகத் தகட்டுக்குள் விழுந்திருக்கிறதா, மறுபக்கத்தில் அக்கசாலையின் பெயர் படிக்க முடிகிறதா, ஆண்டு இருக்கிறதா. அப்புறம்தான் யானையின் கண், காது மடிப்பு, வால் நுனி. ஆண்டைப் படிக்கும்போது ஒன்று கவனியுங்கள், திப்பு பின்னாளில் மௌலூதி என்ற புது ஆண்டுக் கணக்குக்கு மாறியபோது எண்களை வலமிருந்து இடமாக எழுத வைத்தார், 1215 என்பது 5121 மாதிரி நிற்கும். தெரியாமல் படித்தால் ஆண்டே குழம்பிப் போய்விடும். மூன்று விஷயமும் நன்றாக அமைந்த வி.எஃப் யானைக்காசு, ஆண்டு இல்லாத எக்ஸ்.எஃப் காசைவிட எனக்கு உசத்தி.

தரத்தைக் கெடுக்கும் காயங்கள்

நம்ம பக்கத்துக் காசுகளில் நான் அதிகம் பார்ப்பது ஓட்டையும் பற்றவைப்பும்தான். காசுமாலை, அரைஞாண், குழந்தைக்குக் கழுத்தில் கட்டுவது என்று வெள்ளி ரூபாய்க்குக் கொக்கி வைத்துப் பற்றவைப்பது அன்று சாதாரணம். சிட்டிலிங்கிப் பக்கம் லம்பாடிப் பெண்களின் பழைய உடைகளிலும் நகைகளிலும் காசு தைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொக்கியை எடுத்துவிட்டு ஓரத்தை ராவிச் சமன் செய்து விற்பார்கள். அதனால் முகத்தைப் பார்த்த அதே கவனத்தோடு பக்கவாட்டையும் முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள். பல்வரி ஓரிடத்தில் மட்டும் மங்கியிருந்தால், அந்த இடத்துக்கு நேர் மேலே விளிம்பு கொஞ்சம் வேறு நிறமாக இருந்தால், அங்கே கொக்கி இருந்தது. கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள், கொக்கி பெரும்பாலும் ராணியின் தலைக்கு மேலேதான் வைப்பார்கள்.

இப்படிக் காயம்பட்டதையும், தேய்த்துக் கழுவியதையும் காசுக்குத் தரம் சொல்லிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் சர்வதேச நிறுவனங்கள் எண் கொடுக்காமல் 'டீடெயில்ஸ்' என்று மட்டும் எழுதி அடைப்பார்கள். விவரம் எக்ஸ்.எஃப், ஆனால் கழுவப்பட்டது என்று பொருள். விலை பாதியைவிடக் கீழே போகலாம். ஆனால் குடும்பக் காசுமாலையில் இருக்கும் காசை அதற்காகப் பிரிக்காதீர்கள், அது மாலையாக இருப்பதுதான் அதன் வாழ்க்கை.

தேய்த்ததை லென்ஸில் கண்டுபிடிப்பது சுலபம். வெற்றுப் பரப்பில் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் கூட்டமாக ஓடும், எழுத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று, எழுத்தைத் தாண்டித் தொடரும், எழுத்தின் அடிச்சந்தில் மட்டும் பழைய கறுப்பு அப்படியே இருக்கும். இயல்பாகப் புழங்கிய கீறல்கள் இப்படி அணிவகுத்து நிற்காது, நாலாபக்கமும் சிதறிக் கிடக்கும்.

வெள்ளியின் கறுப்பு அழுக்கு இல்லை. விறகடுப்புப் புகையிலும் காற்றிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம் அது. சீரான சாம்பல், லேசான நீலமும் தங்க நிறமும் கலந்த படலம் இருந்தால் சேகரிப்பாளர்கள் அதற்குக் கூடுதலாகவே கொடுப்பார்கள். மண்ணோ பிசுக்கோ இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒருநாள் ஊறப்போட்டு, தேய்க்காமல், பருத்தித் துணியின் மேல் வைத்து ஒற்றி எடுங்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்த பச்சைப் பிசின் ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோன் அதைக் கரைக்கும், உலோகத்தைத் தொடாது. ஆனால் அது சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பு இல்லாத காற்றோட்டமான இடத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில்தான் செய்ய வேண்டும். அதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள்.

நிஜமா, போலியா?

தரம் சொல்வதற்கு முன்பே இதைத் தீர்த்துவிட வேண்டும், கடைசியில் சொல்கிறேனே தவிர வரிசையில் இதுதான் முதல். எடை போடுங்கள். நன்றாகத் தேய்ந்த ரூபாய் 11.66-லிருந்து கொஞ்சம் குறையலாம். எக்ஸ்.எஃப் மாதிரி தெரியும் ரூபாய் 11.2 காட்டினால் சந்தேகப்படுங்கள். அடுத்தது நீர்ச் சோதனை, எனக்கு மிகவும் பிடித்தது, காசுக்கு ஒரு கீறல் விழாது. தராசின் மேல் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து எடையைச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் இடிக்காமல் முழுக்க அமிழ்த்திப் பிடியுங்கள். 91.7 சதவீத வெள்ளி ரூபாய் என்றால் தராசு ஏறக்குறைய 1.13 கிராம் காட்டும். அதே எடையில் செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசியது 1.3 பக்கம் போகும். நகைக்கடையில் கேட்டால் உரைகல்லில் உரைத்துக் காட்டுகிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒரு கோடு உரைத்தாலே ஓரம் போய்விடும். கல்லில் சுண்டி ஓசை கேட்பதும் அதே மாதிரிதான்.

காந்தமும் வைத்திருங்கள். வெள்ளி ஒட்டாது. ஆனால் 1947 புலி ரூபாய் ஒட்ட வேண்டும், அது நிக்கல், அதை வெள்ளி என்று சொல்லி விற்பவரிடம் காந்தத்தைக் காட்டுங்கள். 1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான், பக்கவாட்டுப் பல்வரிக்கு நடுவே ஒரு பள்ளக்கோடும் ஓடும். 1939 ரூபாய் அரிது என்பதால் 1938-இன் 8-ஐச் செதுக்கி 9 ஆக்கியவை வரலாம், கடைசி எண்ணை மட்டும் தனியாக லென்ஸில் பாருங்கள். வார்ப்புப் போலிகளில் பரப்பில் சின்னச் சின்னக் கொப்புளம் இருக்கும், எழுத்தின் ஓரம் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும், பக்கவாட்டில் ஒட்டுக்கோடு தெரியும்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒருபக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி 1818 அரையணா என்று மறுபக்கம் உள்ள காசுகளைப் போச்சம்பள்ளிச் சந்தை மாதிரி இடங்களில் விரித்து வைத்திருப்பார்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. பூஜை அறையில் வைத்துக் கும்பிடலாம், அதற்குத் தரம் பார்ப்பதில் அர்த்தமில்லை. அதைவிட ஆபத்தானது ரைஸ் புல்லிங். அரிசியை இழுக்கும் செம்புக்காசு, இரிடியம், கோடிக்கணக்கில் விலை என்று எவராவது வீட்டுக்கு வந்தால் பேச்சே வேண்டாம், கதவைச் சாத்துங்கள், பணம் கேட்டால் காவல் நிலையத்துக்குப் போங்கள். எந்த நாணயமும் அரிசியை இழுக்காது. ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்குகிறது என்று வரும் செய்திகளும் பொய், வங்கியே 2021-இல் அதை மறுத்து எச்சரித்திருக்கிறது.

உழும்போதோ கிணறு தோண்டும்போதோ காசுக் குடம் கிடைத்தால் அது வீட்டுச் சுருக்குப்பை மாதிரி இல்லை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் பார்சலில் போடலாம் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எப்படி எடுத்து வைப்பது

வழவழப்பான மென்மையான பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம், பச்சைப் பிசின் வருவது அவற்றிலிருந்துதான். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளில் சன்னல் உள்ள அட்டை ஹோல்டர் மலிவு, ஸ்டேப்ளர் பின்னை மட்டும் தட்டையாக நசுக்கிவிடுங்கள், பக்கத்துக் காசைக் கீறாமல் இருக்கும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் காசுக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது, இரண்டிலும் கந்தகம் உண்டு. ஹோல்டரின் மேல் ஆண்டு, எடை, நீங்கள் சொல்லும் தரம், பார்த்த தேதி நான்கையும் பென்சிலில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து, எழுதியதைப் பார்க்காமல் மறுபடி தரம் போடுங்கள். எனக்கு முதல் இரண்டு வருடம் பாதிக்குப் பாதி மாறி வந்தது, பெரும்பாலும் முதலில் கூட்டிச் சொல்லியிருந்தேன்.

பழகுவதற்கு நான் சொல்லும் வழி: 1918 ஜார்ஜ் ரூபாய், அது விலை குறைவு, நன்றாகத் தேய்ந்த ஒன்று, நடுத்தரமாக ஒன்று, மினுமினுப்போடு ஒன்று, யாரோ தேய்த்துக் கெடுத்தது ஒன்று, இந்த நான்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பல்பின் கீழ் நான்கையும் வரிசையாக வைத்து, முதலில் யானையை மட்டும், அப்புறம் கிரீடத்தை மட்டும், கடைசியில் வெற்றுப் பரப்பை மட்டும் பாருங்கள். கெடுத்த காசுக்கு நீங்கள் செலவு செய்ய வேண்டியதே இல்லை, சொந்தக்காரர்கள் வீட்டில் கேட்டால் புளி போட்டுத் தேய்த்தது ஒன்று நிச்சயம் இருக்கும். நான் அந்த நான்காவது இடத்தில் ஆயாவின் 1862-ஐத்தான் வைத்திருக்கிறேன்.